இட்லிப் பொடி: எந்த உளுந்து, எந்த மிளகாய், மிக்ஸியா மில்லா?

இட்லிப் பொடி என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது "அளவு என்ன?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அரைத்த பொடி உங்கள் வீட்டில் எத்தனை நாளில் தீரும்? நாலு பேர் இருக்கும் வீட்டில் வாரத்துக்கு நாலு வேளை இட்லியோ தோசையோ என்றால் 300 கிராம் பொடி மூன்று வாரத்தில் காலி. தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவருக்கு அதே பொடி இரண்டு மாதம் ஆனாலும் டப்பாவின் அடியில் கிடக்கும். எள் எவ்வளவு, எண்ணெய் விட்டு வறுப்பதா, பூண்டு போடலாமா, மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போவதா என்பதெல்லாம் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் முடிவாக வேண்டும்.

சென்னைக்கு இது இன்னும் பொருந்தும். கடலோர ஊர், சித்திரை வெயிலிலும் காற்றில் ஈரம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் உப்பு ஜாடியே கசிந்து நிற்கும். கோயம்புத்தூர்க்காரர் சொல்லும் "ஆறு மாசம் ஆனாலும் கெடாது" பெசன்ட் நகரில் எடுபடாது. அதனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 300 கிராம் என்பதே எங்கள் கட்சி. கீழே வரும் ஒப்பீடுகளும் அந்த அளவை வைத்துத்தான்.

அடிப்படைக் கணக்கு இது: தோல் நீக்கிய முழு உளுந்து 150 கிராம், கடலைப்பருப்பு 75 கிராம், காம்பு கிள்ளிய காய்ந்த மிளகாய் 30 கிராம், எள் 30 கிராம், கல் உப்பு 12 முதல் 15 கிராம், சுண்டைக்காய் அளவு கட்டிப் பெருங்காயம், ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய். இன்னும் ஆழாக்கில் அளக்கும் வீடுகளில் ஒரு ஆழாக்கு உளுந்துக்கு அரை ஆழாக்கு கடலைப்பருப்பு. ஆழாக்கு என்பது 168 மில்லி. தலைதட்டி அளந்தால் உளுந்து 140 கிராம் போலப் பிடிக்கும், கணக்கு சரியாகவே வரும். மிளகாயை மட்டும் எண்ணிப் போடாதீர்கள், எடை போடுங்கள். "இருபது மிளகாய்" என்பது குண்டு மிளகாயில் ஓர் எடை, நீட்டு மிளகாயில் வேறோர் எடை.

உளுந்தில் மூன்று

மளிகைக் கடையில் பொடிக்குத் தோதாக மூன்று உளுந்து கிடைக்கும்: தோல் நீக்கிய முழு உளுந்து, தோல் நீக்கி உடைத்த உளுந்து, தோலோடு உடைத்த கருப்பு உளுந்து.

உடைத்த வெள்ளை உளுந்து சீக்கிரம் வறுபடும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் உடைந்த ஓரங்கள் மெல்லியவை; நடுப்பகுதி வெளுப்பாக இருக்கும்போதே ஓரம் கருகும். அந்தக் கருகல்தான் பொடியில் கசப்பாக வந்து நிற்கும். முழு உளுந்து உருண்டை என்பதால் வாணலியில் உருண்டுகொண்டே இருக்கும், எல்லாப் பக்கமும் சூடு படும். நேரம் கூடுதல், தவறு குறைவு. புதிதாக அரைப்பவர்களுக்கு முழு உளுந்துதான் பத்திரம்.

கருப்பு உளுந்துப் பொடியின் மணம் தனி. தோல் சேர்வதால் மண் வாசனை கலந்த ஓர் ஆழம் வரும், நிறமும் கருஞ்சிவப்பாக இறங்கும். சிக்கல் என்னவென்றால் தோல் கருப்பாக இருப்பதால் வறுபட்டதா கருகியதா என்று கண்ணுக்குத் தெரியாது. உடைத்த கருப்பு உளுந்தை வாங்கினால் உடைந்த பக்கத்து வெள்ளை முகத்தைப் பார்த்து வறுக்கலாம். அந்த முகம் செம்பொன் நிறத்துக்கு வந்ததும் இறக்கிவிட வேண்டும். முழுக் கருப்பு உளுந்தில் அந்த வசதியும் இல்லை, மூக்கை மட்டும் நம்ப வேண்டும். நாலைந்து முறை வெள்ளை உளுந்தில் கை பழகிய பிறகு கருப்புக்குப் போங்கள்.

கடலைப்பருப்புக்குப் பதில் பொட்டுக்கடலை போடலாமா? ஏற்கெனவே வறுத்தது என்பதால் வேலை மிச்சம். ஆனால் அது மாவாக அரைபடும். தட்டில் ஊற்றிய எண்ணெயையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு தொண்டையை அடைக்கும். கரகரப்பு வேண்டுமென்றால் அதைவிட ஒரு மேசைக்கரண்டி இட்லி அரிசியைப் பொரியும்வரை வறுத்துச் சேர்ப்பது நல்ல வழி.

மிளகாய்தான் பொடியின் குணம்

சென்னைக் கடைகளில் "குண்டு", "நீட்டு" என்ற இரண்டு பெயர்தான் அதிகம் புழங்கும். குண்டு மிளகாய் ராமநாதபுரம் பக்கத்தது. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தோல் தடிப்பு, மணம் அதிகம், காரம் நாக்கில் நின்று பேசாமல் தொண்டையில் மெல்ல இறங்கும். நீட்டு மிளகாய் பெரும்பாலும் குண்டூர்ச் சரக்கு. பளிச்சென்ற காரம். பியாடகி, காஷ்மீரி வகைகள் சுருங்கிய தோலோடு இருக்கும். நிறத்துக்குத்தான் அவை, காரத்துக்கு அல்ல.

வெறும் நீட்டு மிளகாய் போட்டு அரைத்தால் பொடி முதல் வாய்க்கு "ஆகா" என்று இருக்கும், மூன்றாவது இட்லியில் காரம் மட்டுமே மிஞ்சும். வெறும் குண்டு என்றால் மணம் உண்டு, சுறுக்கென்ற பிடி இல்லை. எங்கள் தேர்வு 20 கிராம் குண்டு, 10 கிராம் நீட்டு. குழந்தைகள் சாப்பிடும் வீடு என்றால் அந்த 10 கிராம் நீட்டைப் பியாடகியாக மாற்றுங்கள். சிவப்பு குறையாது, கண்ணில் தண்ணீர் வராது. காரம் குறைக்க விதையைத் தட்டி எடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம்: காரத்தின் இருப்பிடம் விதை அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெளிர் நரம்பு. விதையை எடுத்தால் கரகரப்புத்தான் குறையும்.

குண்டு மிளகாயில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. வெளித்தோல் காய்ந்து சலசலக்கும், உள்ளே ஈரம் இருக்கும். ஒன்றை எடுத்து ஒடியுங்கள். "டப்" என்று இரண்டாக வர வேண்டும். தோல் போல வளைந்து கிழிந்தால் மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயில் காட்டாமல் வாணலிக்குக் கொண்டுபோகாதீர்கள். ஈர மிளகாய் மிக்ஸியில் தூளாகாமல் சிவப்புச் செதில்களாகவே சுற்றும். அதன் ஈரம் இரண்டு வாரத்தில் முழுப் பொடியையும் கட்டி தட்ட வைக்கும். மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது என்றால், இரும்பு வாணலியை நன்றாகச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, மிளகாயைப் போட்டுப் புரட்டி அப்படியே விடுங்கள். இதையே இரண்டு மூன்று முறை செய்தால் நிறம் மாறாமல் காயும்.

வெறும் வாணலியா, எண்ணெயா?

எண்ணெய் விட்டு வறுத்தால் பருப்பு ஒரே சீராகச் சிவக்கும், மணமும் தூக்கலாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு பருப்பின் மேலும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒட்டும். ஒரு மாதம் தாண்டினால் அதுதான் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். வெறும் வாணலியில் வறுத்த பொடி நாள் தாங்கும். ஆனால் பொறுமை கேட்கும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. பருப்புகளையும் எள்ளையும் வெறும் வாணலியில் வறுத்து, அந்த ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயைப் பெருங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மட்டும் செலவிடுவது. கட்டிப் பெருங்காயத்துக்கு எண்ணெய் கட்டாயம். அது பொரிந்து உப்பி, கரண்டியால் அழுத்தினால் நொறுங்க வேண்டும். நடுவில் பிசுபிசுப்பு இருந்தால் மிக்ஸி பிளேடில் பசை போல ஒட்டிக்கொள்ளும். தூள் பெருங்காயம் என்றால் இந்தத் தொல்லை இல்லை, இறக்கிய மிளகாயின் சூட்டில் அரைத் தேக்கரண்டி தூவினால் போதும். ஆனால் கடையில் விற்பது கூட்டுப் பெருங்காயம்; மாவு கலந்தது, பல தயாரிப்புகளில் அது கோதுமை. கோதுமை ஆகாதவர்கள் வீட்டில் இருந்தால் அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள். மிளகாயை அந்த எண்ணெயில் புரட்டும்போதே கல் உப்பையும் போட்டுவிட்டால் உப்பின் ஈரமும் போகும், நெடியும் கொஞ்சம் அடங்கும்.

வறுக்கும் நேரம்தான் பலரும் தவறும் இடம். முழு உளுந்தை அடி கனமான வாணலியில் சின்னத் தீயில் போட்டால் முதல் மூன்று நிமிடம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். இங்கேதான் பொறுமை போய்த் தீயைக் கூட்டுவோம். கூட்டினால் ஐந்தாவது நிமிடத்தில் அழகாகச் சிவந்துவிடும். அதில் ஒன்றை ஆறவைத்துக் கடித்துப் பாருங்கள். வெளியே பழுப்பு, நடுவே சுண்ணாம்பு போல ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளிதான் பச்சை வாடை, பொடி பல்லில் ஒட்டுவதற்கும் அதுதான் காரணம். சின்னத் தீயிலேயே ஏழு, எட்டு நிமிடம் கிளறினால் உள்ளும் புறமும் ஒரே நிறமாக வந்து, கடித்தால் "மொறுக்" என்று உடையும். நிறம் முழுதாக வருவதற்கு ஒரு படி முன்பே அகலத் தட்டில் கொட்டிவிடுங்கள்; இரும்பு வாணலி அணைத்த பிறகும் வறுத்துக்கொண்டுதான் இருக்கும். கடலைப்பருப்பை உளுந்தோடு சேர்த்துப் போட வேண்டாம், இரண்டும் ஒரே வேகத்தில் சிவப்பதில்லை.

எள்ளில் கருப்பா வெள்ளையா என்றால் மணத்துக்குக் கருப்பு, சுலபத்துக்கு வெள்ளை. கருப்பு எள்ளில் மண் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, பல்லுக்குத் தெரியும். நீரில் போட்டுக் கல் அரித்து, வடித்து, துணியில் உலர்த்தினால் தவிர வேறு வழியில்லை. கார்த்திகை மழையில் அது காய்வதற்குள் முளைத்துவிடும் என்று பயமிருந்தால் அந்த முறை மட்டும் தோல் நீக்கிய வெள்ளை எள்ளோடு நிறுத்திக்கொள்ளலாம். எதுவானாலும் மூடி போட்டு வறுங்கள், வெடித்துச் சமையலறை முழுக்கத் தெறிக்கும். பாதி எள் வெடித்ததும் இறக்கிவிடலாம்.

மிக்ஸியா, மில்லா, உரலா?

உரலில் இடித்த பொடிக்கு ஈடு இல்லை. சூடேறாது, பருப்பு மாவாகாமல் நொறுங்கும். ஆனால் அடுக்குமாடி வீட்டில் உலக்கை போட்டால் பொடி தயாராவதற்குள் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். எனவே போட்டி மிக்ஸிக்கும் மில்லுக்கும் இடையேதான்.

மில்லின் பலம் அளவு. இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து அரைப்பவர்களுக்கு மிக்ஸி சரிப்படாது. ஆனால் மில்லில் சிக்கல்கள் மூன்று. எள்ளை வாங்கமாட்டார்கள், எண்ணெய் விட்டு இயந்திரத்தில் அப்பிக்கொள்ளும், அடுத்தவர் மாவு கெடும். வறுத்த எள்ளை வீட்டில் தனியாகப் பொடித்துக் கலக்க வேண்டியதுதான். இரண்டாவது, உங்களுக்கு முன்னால் அரைத்தவரின் சரக்கு. சாம்பார்ப் பொடி போன மெஷினில் உங்கள் பருப்பு போனால் முதல் பிடியில் தனியா வாசனை வரும். ஒரு கைப்பிடி அரிசியை முன்னால் ஓட்டி எடுக்கச் சொல்லுங்கள், அல்லது முதலில் விழும் ஒரு கரண்டியைத் தனியே வையுங்கள். மூன்றாவது சூடு. மில்லிலிருந்து வரும் பொடி கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அப்படியே தூக்குப் பாத்திரத்தில் மூடி எடுத்து வந்தால் மூடியின் உட்புறம் வேர்த்து நீர் விழும். வீட்டுக்கு வந்ததும் துணியில் பரப்பி ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும். மழைக்காலத்தில் மில்காரர் மிளகாயில் கையை விட்டுப் பார்த்துவிட்டு "இன்னும் காயணும்மா" என்று திருப்பி அனுப்பினால் கோபப்படாதீர்கள். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஒரு கிலோவுக்குக் குறைந்த சரக்கை மில்லுக்குக் கொண்டுபோவதில் லாபமில்லை, மெஷினில் ஒட்டிப் போவதே கணிசம்.

300 கிராமுக்கு மிக்ஸிதான். நடுத்தர ஜாரைத் துடைத்தால் போதாது. பிளேடுக்கு அடியில் நிற்கும் துளி ஈரமும் போக, கவிழ்த்து வைத்துக் காயவிட வேண்டும். முதலில் மிளகாய், உப்பு, பெருங்காயம். இவை முக்கால்வாசி பொடிந்ததும் பருப்புகள். பருப்பை விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் அடியில் இருப்பது மாவாகும், மேலே இருப்பது முழுதாகவே கிடக்கும். கடைசியில் எள். எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய் உள்ள வித்து அது. 30 கிராம் எள்ளில் 15 கிராம் எண்ணெய் ஒளிந்திருக்கிறது. இரண்டு மூன்று சுற்றுப் போதும், நாலாவது சுற்றில் பொடி ஜாரின் சுவரில் அப்பத் தொடங்கும். பருப்பு சூடாக இருக்கும்போது அரைத்தாலும் இதே கதிதான். ஓடிக்கொண்டிருக்கும் மிக்ஸி சட்டென நின்றால் பழுது என்று பதற வேண்டாம். பளு தாங்காமல் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தான் விழுந்திருக்கும். சில நிமிடம் ஆறவிட்டு அதை அழுத்தி, பாதிச் சரக்கோடு மறுபடி ஓட்டுங்கள்.

பதம் எப்படி என்றால், இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்தால் ரவை போல உருள வேண்டும், மைதா போல வழுக்கக் கூடாது. நைசாக அரைத்த பொடி எண்ணெயில் குழைந்து மேலண்ணத்தில் ஒட்டும்.

ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. எழும்பூரிலோ சென்ட்ரலிலோ ரயில் ஏறுவதற்குப் பொடி தடவிக் கட்டும் இட்லிக்கு நைசான பொடிதான் நன்றாக ஒட்டும். அதற்கென்று நாலு கரண்டியைத் தனியே எடுத்து இன்னும் இரண்டு சுற்று ஓட்டிக்கொள்ளுங்கள். இட்லி ஆவி அடங்கி ஆறிய பிறகு தடவுங்கள், சூட்டில் தடவினால் பொடி நீர்த்துப் போகும்.

சோற்றுக்கு என்றால் பாதை வேறு

தேவை இட்லிக்கு அல்ல, சுடுசோற்றில் நெய்யோடு பிசைந்து சாப்பிட என்றால் இட்லிப் பொடியை நைசாக்கிப் பயனில்லை. உளுந்து சோற்றில் ஒட்டி இழுக்கும். அதற்குப் பருப்புப் பொடி. துவரம்பருப்பு 150 கிராம், கடலைப்பருப்பு 50 கிராம், மிளகாய் 12 கிராம், மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, உப்பு 10 கிராம், பெருங்காயம். எள் கிடையாது. அதனாலேயே இட்லிப் பொடியைவிட நாள் தாங்கும். துவரம்பருப்பு வறுபட எட்டு, பத்து நிமிடம் ஆகும். அவசரப்பட்டால் பச்சை வாடை சோற்றுச் சூட்டில் இரட்டிப்பாக எழும். ஊரில் உள்ள ஆந்திரா மெஸ்களில் முதல் பிடிக்குக் கொடுக்கும் பொடியின் சுவை வேண்டுமென்றால் ஐந்தாறு பல் பூண்டைத் தோலோடு நசுக்கி, மொறுமொறுவென ஆகும்வரை வறுத்துச் சேர்க்க வேண்டும். பூண்டு சேர்ந்த பொடிக்குப் பதினைந்து நாள்தான் கெடு. புளி, வெல்லம், கொப்பரை சேர்ப்பவர்களுக்கும் அதே கெடு.

மயிலாப்பூர், மாம்பலம் கடைகளில் வாங்கினால் என்ன? தனியாக இருப்பவருக்கு 100 கிராம் பொட்டலம் கெட்ட யோசனை இல்லை. உதிரியாக விற்கும் இடத்தில் எப்போது அரைத்தது என்று கேளுங்கள். பொட்டலம் என்றால் பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள். எடையில் அதிகமானது முதலில் வரும்படிதான் அச்சிட வேண்டும் என்பது விதி. உளுந்துக்கு முன்னால் பொட்டுக்கடலையோ அரிசியோ இருந்தால் நீங்கள் என்ன வாங்குகிறீர்கள் என்பது விளங்கிவிடும்.

வைப்பதும், கெட்டால் மீட்பதும்

எவர்சில்வரோ கண்ணாடியோ, இறுக்க மூடியுள்ள பாத்திரம் இரண்டு எடுங்கள். வாரத்துக்கு வேண்டியது ஒன்றில், மீதி மற்றொன்றில். சாப்பாட்டு மேசையில் திறந்து திறந்து மூடும் டப்பாதான் முதலில் ஈரம் வாங்கும். ஆவி பறக்கும் இட்லித் தட்டுக்கு மேல் டப்பாவைச் சாய்த்துக் கொட்டுவது, ஈரக் கரண்டி போடுவது இரண்டும் வேண்டாம். எண்ணெயைத் தட்டில் மட்டுமே குழையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நாள் கூடும், ஆனால் சில்லென்ற டப்பாவை வெளியே எடுத்துத் திறந்தவுடன் சென்னைக் காற்றின் ஈரம் உள்ளே படியும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்க வேண்டும்.

உப்புக் கூடிவிட்டால் 50 கிராம் உளுந்தை வறுத்து அரைத்துக் கலந்தால் சரியாகும். காரம் கூடினாலும் அதுதான் மருந்து, கூடவே ஒரு கரண்டி எள். பச்சை வாடை அடித்தால் பொடியை அகல வாணலியில் மிகச் சின்னத் தீயில் இரண்டு நிமிடம் புரட்டினால் ஓரளவு போகும். எள் எண்ணெய் விட்டுக் கட்டியான பொடியில் இரண்டு கரண்டி வறுத்த பொட்டுக்கடலை மாவு சேர்த்து உதிர்க்கலாம். பொட்டுக்கடலைக்கு இந்த வீட்டில் நாங்கள் தரும் ஒரே வேலை இது. கருகல் கசப்புக்கு மட்டும் பரிகாரம் கிடையாது. வறுத்த உளுந்தை அரைப்பதற்கு முன் நாலைந்து எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டால் நட்டம் 150 கிராம் உளுந்தோடு நிற்கும். அரைத்த பிறகு தெரிந்தால் மிளகாயும் எள்ளும் சேர்ந்தே குப்பைக்குப் போகும்.